சார் எங்கே?

“சார் எங்கே மேடம்? அவர் வரலையா?”

கேட்டவர், தென்காசியில் மகிழுந்து விற்கும் நிலையம் ஒன்றின் விற்பனையாளர். கேட்கப்பட்டவர், நம்மோடு பணியாற்றும் மூத்த ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று ஊரார் பிள்ளைகளுக்கு அறிவூட்டியவர். திங்கள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்ததை வங்கியில் வைத்திருப்பவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முறையாக உரிமம் பெற்றவர். மணம் செய்துகொள்ளாமல் முதிய தாயைப் பேணி வாழ்பவர். மூட்டுவலியால் பேருந்துப் படி ஏற இயலாத அந்தத் தாயை, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டும். ஆடம்பரத்துக்கு அன்று, அன்னைக்கு!

“சார் யாருமில்லை தம்பி. வாங்குகிறவளும் நான்தான், ஓட்டுகிறவளும் நான்தான்” என்றார் அம்மையார்.

சிரித்தார் விற்பனையாளர். சிரித்துவிட்டு, துணைக்குச் சென்றிருந்த நம்மை நோக்கித் திரும்பினார். நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டார். “சொல்லுங்க சார், பெட்ரோலா, டீசலா?” என்றார்.

நமக்கு ஓட்டத் தெரிந்த வண்டி மிதிவண்டி ஒன்றே! மகிழுந்தின் முன்மூடியைத் திறந்து காட்டினால், இது இது இன்னது என்று சொல்லும் அறிவு நமக்கில்லை. வாங்கும் பணமும் நமதன்று. ஓட்டப்போகும் கையும் நமதன்று. ஆயினும் நம் முகத்தில் மீசை இருந்தது. அது போதும் என்று கருதிவிட்டார் அவர்!

அம்மையார் கேட்டார்: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? காற்றுப்பைகள் எத்தனை? விபத்துச் சோதனையில் எத்தனை நட்சத்திரம்? கடனுக்கு வட்டி என்ன? அறிவார்ந்த கேள்விகள், அளந்து எடுத்த கேள்விகள். ஆனால் கேள்வி பிறந்தது ஓரிடம், விடை போய்ச் சேர்ந்தது வேறிடம். ஒவ்வொரு விடையையும் நம் முகத்தைப் பார்த்தே சொன்னார் விற்பனையாளர். அம்மையாரைப் பார்த்து அவர் தாமாகச் சொன்னவை இரண்டே இரண்டு. “இந்தக் கலர் லேடீஸுக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம்” என்பது ஒன்று. வெயில் மறைப்பின் பின்புறத்தில் பதித்திருந்த கண்ணாடியைத் திறந்து காட்டி, “மேக்கப் சரிபார்த்துக்கலாம்” என்பது மற்றொன்று.

அவர்மீது மட்டும் பழி சுமத்த நாம் விரும்பவில்லை. “பெட்ரோலா, டீசலா?” என்று அவர் நம்மைக் கேட்டபோது, “அம்மையாரைக் கேளுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும் நாம். சொல்லவில்லை. “பெட்ரோல்தான்” என்றோம்! யார் தந்த அதிகாரம்? எவர் அளித்த ஆணை? தரப்பட்ட நாற்காலியில் தயங்காமல் அமர்ந்துவிட்டோம். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் நாணுகிறோம். அந்த நாணமே இதை எழுத வைத்தது.

வண்டியை ஓட்டிப் பார்க்கும் நேரம் வந்தது. சாவி நம்மிடம் நீட்டப்பட்டது! அம்மையார் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். முன்னிருக்கையில் விற்பனையாளர், பின்னிருக்கையில் நாம். குற்றாலச் சாலையில் புறப்பட்டது வண்டி. ஐந்தாறு கிலோமீட்டர் வழி. மலையிலிருந்து தென்றல் இறங்கி வரும் பருவம். வழியெல்லாம் அருவிக்குச் செல்வோரின் ஊர்திகள். அம்மையார் அமைதியாக, அளவாக ஓட்டினார். “மெதுவா மேடம்... பயப்படாதீங்க மேடம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார் விற்பனையாளர். அச்சம் யாருக்கு? இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டிருந்தது அவருடைய கால்தான்!

குற்றாலத்தை நெருங்கும்போது சாரல் விழுந்தது. அம்மையார் விரலை அசைத்தார். துடைப்பான் கண்ணாடியைத் துடைத்து வழி காட்டியது. அந்தத் துடைப்பானைப் பற்றி ஒரு செய்தி. கைப்பிடியை உள்ளிருந்தே இயக்கிக் கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர், அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண். ஒப்பனைக்கென்று காட்டினாரே கண்ணாடி, அதற்கும் ஒரு கதை உண்டு. பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடி மகிழுந்தின் உறுப்பாக ஆகாத காலம். 1909இல் இங்கிலாந்தின் பந்தய வீராங்கனை டோரதி லெவிட், வண்டி ஓட்டும் பெண்கள் கைக்கண்ணாடி ஒன்றை உடன் வைத்து, அவ்வப்போது உயர்த்திப் பிடித்துப் பின்வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தம் நூலில் எழுதினார். பெண் கண்ணாடியில் சாலையைப் பார்த்தாள். அவள் பார்ப்பது சாந்துப்பொட்டை மட்டுமே என்கிறது கடைவீதி!

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். மகிழுந்தின் தந்தை என்று கார்ல் பென்சைப் போற்றுகிறது உலகம். திருமணத்துக்கு முன்பே தம் சீதனப் பணத்தைப் போட்டு அவருடைய தொழிற்கூடத்தைக் காப்பாற்றியவர் பெர்த்தா. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்கைமிலிருந்து ஃபோர்ட்சைம்வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியைச் செலுத்திக் காட்டியவரும் அவரே. எரிபொருள் தீர்ந்தபோது வழியில் மருந்துக்கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தம் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பெடுத்தார். இந்த வண்டி நெடுந்தொலைவு ஓடும் என்று உலகுக்கு மெய்ப்பித்த பயணம் அது. அன்று அந்த மருந்துக்கடைக்காரர், “சார் எங்கே?” என்று கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

“ஒரு வாய்ச்சொல்தானே! இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று சிலர் முணுமுணுக்கக்கூடும். வாய்ச்சொல்லோடு நின்றிருந்தால் நாமும் வாளாவிருந்திருப்போம். நிற்கவில்லை. அம்மையாரிடம் விலைச்சீட்டு தரப்பட்டது. ஒரு வாரம் கழித்து, நம் பள்ளி ஆசிரியர் ஒருவரை, ஆண் ஒருவரை, அதே நிலையத்துக்கு, அதே வண்டிக்கு விலை கேட்க அனுப்பினோம். அவர் கேட்காமலேயே தள்ளுபடி வந்தது. இருக்கை உறையும் தரைவிரிப்பும் இனாமாக வந்தன. காப்பீட்டை எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்பது அம்மையாருக்குக் கட்டளை. “விரும்பினால் வெளியிலும் எடுக்கலாம் சார்” என்பது அவருக்குச் சலுகை. இரு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினோம். 18,000 ரூபாய் வேறுபாடு! மீசையின் விலை அதுதான் போலும்.

இது தென்காசியில் மட்டும் காணும் நோய் அன்று. அமெரிக்காவின் சிகாகோ நகர வட்டாரத்தில் சட்டப் பேராசிரியர் இயன் அயர்சு ஓர் ஆய்வு நடத்தி 1991இல் வெளியிட்டார். ஒரே விதமாக உடுத்தி, ஒரே விதமாகப் பேரம் பேசப் பயிற்றுவிக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் மகிழுந்துக் கடைகளுக்கு அனுப்பப்பட்டனர். அடக்க விலைக்கு மேல் கடைக்காரர் வைத்த இலாபம் கணக்கிடப்பட்டது. வெள்ளை ஆணிடம் கேட்டதைவிட வெள்ளைப் பெண்ணிடம் நூற்றுக்கு 40 பங்கு கூடுதல் இலாபம் கேட்டனர். கறுப்பின ஆணிடம் இரு மடங்குக்கு மேல். கறுப்பினப் பெண்ணிடமோ மும்மடங்குக்கும் மேல்! பெண் என்பதோடு நிறமும் சேர்ந்தால் பறிப்பும் பெருகுகிறது. சாதியின் சுமையைச் சுமக்கும் நாட்டில் வாழும் நமக்கு, இதை விரித்துரைக்க வேண்டுமோ?

ஆகவே, “சார் எங்கே?” என்பது வெறும் கேள்வியன்று. இவளுக்கு விலை தெரியாது, இவளுக்கு வினவத் தெரியாது, இவளிடம் கூட்டிக் கேட்கலாம் என்னும் முடிவின் முதல் வரி அது. இளக்காரம் வாசலில் பிறக்கிறது; இரசீதில் வந்து முடிகிறது.

பணத்தோடும் போகவில்லை, உயிர்வரை செல்கிறது இது. அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முன்புற மோதலில், இருக்கைப் பட்டை அணிந்திருந்தாலும், பெண்ணுக்குப் பலத்த காயம் நேரும் வாய்ப்பு ஆணைவிட 73 விழுக்காடு கூடுதல் என்கிறது அது. இந்தியாவிலேயே மகிழுந்தை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் வழங்கும் ‘பாரத் என்கேப்’ முறை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பைப் பற்றி முதலில் யாரிடம் விளக்க வேண்டும்? பெண்ணிடம் அல்லவா! அவளிடம் நிறத்தைப் பேசுகிறார்கள். நட்சத்திரத்தை நம்மிடம் பேசுகிறார்கள்.

“பெண்கள் பெரும்பாலும் கணவரோடுதான் வருகிறார்கள், பழக்கத்தில் கேட்டுவிட்டோம்” என்பர். பழக்கம்! எத்தனைக் கொடுமைகள் இந்தச் சொல்லின் நிழலில் இளைப்பாறியிருக்கின்றன! “மரியாதைக்காகக் கேட்டோம்” என்பர். எதிரில் நிற்பவரை விட்டுவிட்டு, எங்கோ இருப்பவரைத் தேடுவதா மரியாதை? “பெண்களுக்கு இயந்திரம் புரியாது” என்பர். நமக்கு மட்டும் புரிந்ததா? நம்மை யாரேனும் தேர்வு வைத்தா நாற்காலி தந்தார்கள்?

பெண்ணுக்குப் பொறியியல் எதற்கு என்று கேட்ட காலமும் இருந்தது. 1974இல் டெல்கோ நிறுவனம், பொறியாளர் வேலைக்குப் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டா என்று விளம்பரம் செய்தது. மாணவியாக இருந்த சுதா மூர்த்தி, ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு ஓர் அஞ்சலட்டையில் தம் கண்டனத்தை எழுதினார். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. ஓர் அஞ்சலட்டைக்குத் திறந்தது ஆலையின் கதவு! நம் தென்கோடிக் குமரி மாவட்டத்து வசந்தகுமாரி, 1993இல் அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியேற்றார். ஐம்பது பேரின் உயிரைச் சுமந்து பேருந்தைச் செலுத்த ஒரு பெண்ணால் முடியும். தன் தாயை ஏற்றிச் செல்ல ஒரு சிறு வண்டியைத் தேர்ந்தெடுக்க முடியாதோ?

சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. 2005இல் இந்தியா முழுமைக்கும் அது வந்தது. சட்டம் அவள் கையில் பணத்தைக் கொடுத்தது. சந்தை அவள் கையைப் பார்க்க மறுக்கிறது. எங்கள் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களின் விரல்களால் உலை கொதிக்கும் வீடுகள் எத்தனை! தவணை தவறாமல் குழுக்கடனைக் கட்டுகிறவள் அவள். கடன் கட்டும்போது “சார் எங்கே?” என்று எவரும் கேட்பதில்லை!

குற்றாலக் குறவஞ்சியை அறியாத தமிழர் உண்டோ? திரிகூடராசப்பக் கவிராயரின் சிங்கி, ஊர் ஊராய்ச் சென்று குறி சொல்லிப் பரிசில் பெற்று அணிகலன் பூண்டு நிற்கிறாள். தேடி அலைந்து கண்ட சிங்கன், இது ஏது, அது ஏது என்று ஐயுற்று வினவுகிறான். என் தொழிலுக்குக் கிடைத்தவை என்று ஒவ்வொன்றுக்கும் விடை பகர்கிறாள் அவள். உழைத்தவளிடம் உடைமைக்குக் கணக்குக் கேட்கும் வழக்கம் அன்றே இருந்தது. ஆனால் ஒன்று: சிங்கனாவது சிங்கியிடம் கேட்டான், நம் விற்பனையாளர், சிங்கியின் அணிக்கு வழிப்போக்கனிடம் அல்லவா கணக்குக் கேட்டார்!

அந்த விற்பனையாளருக்கு வயது இருபத்தைந்து இருக்கும். நம் போன்றோர் நடத்திய வகுப்பில் அமர்ந்து எழுந்தவர்தான். அவருக்கு இதை யார் கற்பித்தார்? கடைக்குப் போன தந்தை பேச, தாய் பின்னால் நின்ற காட்சி கற்பித்தது. “அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா” என்று வகுப்பில் நாம் சொன்ன சொல்லும் கற்பித்தது. எனவே திருத்தம் கடையில் மட்டும் தொடங்கினால் போதாது. நம் கரும்பலகையின் அடியிலும் தொடங்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒன்று: பணம் தருபவரோடு பேசுங்கள், ஒரு வண்டிக்கு ஒரு விலை என்று எழுதி ஒட்டுங்கள். வரவேற்பு மேசையில் பெண்களை நிறுத்திப் பூச்செண்டு கொடுக்கச் செய்வதோடு நில்லாமல், விற்பனை மேசையிலும் அமர்த்துங்கள். பெண்களுக்கு ஒன்று: விலையை எழுத்தில் கேளுங்கள், இரண்டு மூன்று கடைகளின் சீட்டுகளை ஒப்பிடுங்கள். பொருளின் தரமும் விலையும் அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு அளித்திருக்கிறது. 1915 என்னும் எண்ணில் குறையைச் சொல்லலாம். வாழும் ஊரிலிருந்தே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். ஆண்களுக்கு, நமக்கும் சேர்த்து, ஒன்று: உங்களிடம் திருப்பப்பட்ட கேள்வியை உரியவரிடம் திருப்பிவிடுங்கள். தகுதியில்லாமல் கிடைத்த நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள்!

அம்மையார் வண்டி வாங்கிவிட்டார், வேறொரு கடையில், எழுத்தில் பெற்ற விலைக்கு. முதல் ஞாயிறன்று குற்றாலத்துக்குப் போனோம். முன்னிருக்கையில் அவர் தாய், பின்னிருக்கையில் நாம். பேரருவியில் தடுப்புக்கு இந்தப்புறம் ஆண்கள், அந்தப்புறம் பெண்கள். தண்ணீர் இருபுறமும் ஒரே வேகத்தில் விழுந்தது. பாறைக்குத் தெரிந்த நேர்மை, பணப்பெட்டிக்குத் தெரியாதோ?

தெரிய வைப்போம். “சார் எங்கே?” என்று இனி எவர் கேட்டாலும், நம் தாயரும் தமக்கையரும் தலை நிமிர்ந்து விடை கூறட்டும்:

“பணம் இங்கே, உரிமம் இங்கே, உரிமையும் இங்கே!”