பழைய மெஷினும் நம் விரல்களும்

எங்கள் பகுதித் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்து, பழைய இரும்புக்கடையில் கிடந்த இழைப்பு மெஷின் ஒன்றை எடைபோட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். வார்ப்பிரும்பு மேசை, தட்டைப் பெல்ட் புல்லி, மேலெல்லாம் துரு. படம் அனுப்பி, "அண்ணே, இதை அப்படியே பழைய மாதிரி ஆக்கப்போறோம்" என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான். தச்சு வேலை பிறப்பால் வருவது என்று ஊர் பேசிய காலத்தில் பட்டறையில் நமக்குக் கிடைத்தது மரம் தூக்கும் வேலையும் சீவல் அள்ளும் வேலையும்தான். இன்று மெஷினே இவர்களுடையது. ஆனால் அந்த "அப்படியே" என்ற சொல்லோடுதான் என் சண்டை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கத்தி பூட்டும் தலை சதுரமாக இருந்தது.

தோழர்களே, இது வெறும் வடிவப் பிரச்சினை இல்லை. சதுரக் கட்டை சுழலும்போது அதன் நான்கு மூலைகளுக்கும் இடம் வேண்டும். அதனால் இரண்டு மேசைகளுக்கும் நடுவே அகலமான வாய் திறந்தே இருக்கும். கை தவறி விழுந்தால் மூலைக்கும் மூலைக்கும் இடையிலுள்ள பள்ளம் விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும். உருளைத் தலையில் அந்தப் பள்ளம் கிடையாது, கத்தி முனை மட்டும் மெல்லியதாக வெளியே நீட்டியிருக்கும். அதிலும் காயம் படும். ஆனால் சதை போவதும் விரலே போவதும் ஒன்றா? கையால் தள்ளி இழைக்கும் மெஷினில் உருளைத் தலைதான் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் 1922லேயே விதி போட்டுவிட்டது.

கல்லூரி விடுமுறையில் நான் சீவல் அள்ளப் போன பட்டறையில், மெஷினில் நின்றவருக்கு இடது கையில் மூன்று விரல்தான். பலகையில் முடிச்சு வந்து கத்தி தட்டியதும் பலகை பின்னால் எகிறியது, அழுத்திக்கொண்டிருந்த கை வாய்க்குள் போய்விட்டது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தார், அதோடு சரி. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விரலுக்கும் கணக்கு இருந்தது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. இப்படி ஒரு அட்டவணை இருப்பது அவருக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரம் வைத்து நடக்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று இருந்தது. 2020இல் வந்த சட்டத்தொகுப்பு அதை 20 ஆக உயர்த்தியது. மூன்று பேர் நடத்தும் பட்டறைக்குள் எந்த ஆய்வாளர் வரப்போகிறார்?

சரி, வேலைக்கு வருவோம். கழற்றும் முன் ஒவ்வொரு பாகத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிளேடால் சுரண்டுங்கள், பிறகு உப்புத்தாள் போடலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி தேய்த்துப் பறக்கவிட வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். வெள்ளை உலோக பேரிங் தேய்ந்திருந்தால் தண்டு ஆடும். மறுபடி வார்க்கலாம், பால் பேரிங்குக்கும் மாற்றலாம். கத்தி பிடிக்கும் போல்ட்டுகளில் பழையது ஒன்றுகூட வேண்டாம். உருளைத் தலையைத் தெரிந்த லேத்தில் ஏதோ ஒரு கம்பியைக் கடைந்து செய்துவிடாதீர்கள். நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றும் பொருள் அது. சமநிலை பார்த்துத் தருகிற இடத்தில்தான் வாங்க வேண்டும். விலை மெஷினைவிட அதிகமாகலாம். மூடிக்கும், மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாத சுவிட்சுக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

ஒரு தம்பிக்கு மனசில்லை. ஒரிஜினல் போயிடுமே என்கிறான். பழசு என்பதற்காகவே எதையும் காப்பாற்ற வேண்டும் என்று நம்மிடமே சொல்கிறானே, அதுதான் வேடிக்கை! வெளிநாட்டில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களே பலர் சதுரத் தலையைக் கழற்றிவிட்டு உருளைத் தலை மாட்டுகிறார்கள்.

நேற்று ராத்திரி இன்னொரு படம் வந்தது. மேசை பளபளக்கிறது, நடுவில் தலை இருந்த இடம் காலி. புதுத் தலைக்கு இன்னும் பணம் சேரவில்லை, அதுவரை பெல்ட் மாட்டுவதில்லை என்று எழுதியிருந்தார்கள்.