வீட்டில் பழைய செட் இருக்கிறதா என்று கேளுங்கள்



டி.வி. வாங்க வருகிற வாடிக்கையாளரிடம் நாம் வழக்கமாகக் கேட்பவை மூன்று கேள்விகள். எத்தனை இன்ச் வேண்டும்? எவ்வளவுக்குள் பார்க்கலாம்? ரொக்கமா, தவணையா? நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்க நாம் மறந்துவிட்டோம். "உங்கள் வீட்டில் பழைய ஸ்டீரியோ செட் இருக்கிறதா?" என்பதுதான் அது. இந்தக் கேள்வியைக் கேட்காததால் நம் பகுதி கடைக்காரர்கள் இழப்பது கொஞ்சமல்ல என்பது என் கருத்து.

சில மாதங்களுக்கு முன் சானமாவிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வேறோர் ஊரில் 43 இன்ச் டி.வி. வாங்கியிருந்தார். "படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பேச்சுதான் புரியவில்லை. அப்பா செய்தி கேட்க முடியாமல் எழுந்து போய்விடுகிறார்" என்றார். விற்ற கடையில் போய்ச் சொன்னதற்கு, சவுண்ட் பார் வாங்கினால்தான் சரியாகும் என்று சொல்லி, டி.வி. விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். அதைவிடக் குறைவாக நம்மிடம் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

கிடைக்கும் என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஏனோ அன்று அந்த நான்காவது கேள்வியைக் கேட்டேன். இருக்கிறது என்றார். அப்பா 90களில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஆம்ப்ளிபயரும், மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் துணி போர்த்தி மூலையில் இருக்கின்றனவாம். மாலையில் பையனை அனுப்பினேன். செட்டாப் பாக்ஸின் பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆடியோ வாய்கள் யாரும் தொடாமல் இருந்தன. அங்கிருந்து ஆம்ப்ளிபயருக்கு ஒரு வயர் போட்டதோடு வேலை முடிந்தது. அன்றிரவு பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்து செய்தி கேட்டார். நமக்குக் கிடைத்தது வயர் விலையும் கூலியும்தான். ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் அதே தெருவிலிருந்து இரண்டு டி.வி.யும் ஒரு வாஷிங் மெஷினும் நம் கடையில் போயின.

ஒலி எங்கே போயிற்று?

பழைய பெட்டி டி.வி.க்கு உடம்பு இருந்தது. ஸ்பீக்கர் வைக்க இடமும் இருந்தது. பெரும்பாலும் அது முன்பக்கம் பார்த்தே இருந்தது. இன்றைய டி.வி. பலகை போல் மெலிந்துவிட்டது. அதன் சின்ன ஸ்பீக்கர்கள் கீழே பார்த்தோ, சுவரைப் பார்த்தோ இருக்கின்றன. ஒலி நேராகக் காதுக்கு வராமல் சுவரிலும் மேஜையிலும் பட்டு வருகிறது. பேச்சின் தெளிவு முதலில் கெடுவது இதனால்தான். வாடிக்கையாளர் வால்யூமைக் கூட்டுகிறார். இரைச்சல் கூடுகிறதே தவிர, வார்த்தை கூடுவதில்லை. படத்துக்காக நாற்பதாயிரம் செலவழித்தவர் பாதி நிகழ்ச்சியைத்தான் அனுபவிக்கிறார்.

அதே வீட்டின் பரண்மேல் நல்ல ஸ்பீக்கர் தூங்கிக்கொண்டிருக்கும். சிப்காட் வளர்ந்த காலத்தில் நம் பகுதியில் போனஸ் பணம் வந்ததும் பலர் வாங்கியது ஸ்டீரியோ செட். பிலிப்ஸ், சோனோடைன், பி.பி.எல். என்று கம்பெனி செட்டுகளும் உண்டு, எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பாகம் வாங்கிச் சேர்த்துக் கட்டிய செட்டுகளும் உண்டு. டேப் ஓடும் பகுதி பழுதாகியிருக்கலாம். ஆனால் ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் பல வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்வது சுலபம். பயன்படுத்தச் சொல்ல நமக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைப் பையனுக்குத் தெரிய வேண்டியது

இது பெரிய வித்தை அல்ல. ஒரு பக்கத்தில் எழுதி கவுண்டரில் ஒட்டிவிடலாம்.

முதலில் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வயரில் டி.வி.யோடு இணைத்திருந்தாலும் பல பாக்ஸ்களில் பழைய ஆடியோ வாய்களும் சேர்ந்து வேலை செய்யும். சில மாடல்களில் அது ஒற்றைத் துளையாக இருக்கும். அதற்கேற்ற வயர் வேண்டும். இவ்வழியில் ஒரு குறை உண்டு. சேனல்களின் ஒலி மட்டுமே செட்டுக்கு வரும், டி.வி.யிலேயே பார்க்கும் யூடியூப் போன்றவற்றின் ஒலி வராது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லா ஒலியும் வேண்டுமானால் டி.வி.யிலிருந்தே எடுக்க வேண்டும். ஹெட்போன் துளை இருந்தால் அதிலிருந்து ஒரு வயர் போதும்; ரிமோட்டிலேயே வால்யூமைக் கூட்டிக் குறைக்கலாம். அது இல்லாமல் ஆப்டிகல் வாய் மட்டும் இருந்தால், நடுவில் ஒரு சிறிய கன்வெர்ட்டர் பெட்டி தேவை. கடைகளில் டி.ஏ.சி. என்பார்கள். விலை சில நூறு ரூபாயில் தொடங்கும். இதைப் பொருத்தியபின் டி.வி.யின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டால்பி என்றிருந்தால் சாதாரணப் பெட்டிகளில் சத்தமே வராது, அல்லது கரகரப்பு வரும். "பீஸ் சரியில்லை" என்று திரும்பி வருகிற பெட்டிகளில் பல இந்த ஒரு அமைப்பை மாற்றாததால் வருபவை.

எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்ற வசதி 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முதல் உள்ளது. பழைய ஆம்ப்ளிபயருக்கு அந்த வாய் கிடையாது. ஏ.ஆர்.சி. வசதியுள்ள கன்வெர்ட்டர் தனியாகக் கிடைக்கிறது. புளூடூத் பெட்டி வைத்தால் வயர் தொல்லை இல்லை. ஆனால் பல செட்டுகளில் வாய் அசைந்த பிறகு பேச்சு வரும். பாட்டுக்குப் பரவாயில்லை, நாடகத்துக்கு உதவாது.

ஆம்ப்ளிபயரில் 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' வாயில்தான் செருக வேண்டும். 'போனோ' என்றிருப்பது இசைத்தட்டுப் பிளேயருக்கானது. அதில் டி.வி.யைச் செருகினால் ஒலி கர்ணகடூரமாக இருக்கும். செருகும்போது வால்யூம் குறைந்திருக்கட்டும். இணைத்தபின் 'ஹம்' என்ற இரைச்சல் வந்தால், கேபிள் டி.வி. வயரின் எர்த்தும் ஆம்ப்ளிபயரின் எர்த்தும் மோதுவது பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆப்டிகல் வழியில் மின்தொடர்பு இல்லாததால் இந்தத் தொல்லை குறையும். எக்காரணத்தைக் கொண்டும் பிளக்கின் எர்த் பின்னை முறிக்கக் கூடாது. இரைச்சலைப் போக்கப் போய் உயிரைப் பறித்த பழி நமக்கு வேண்டாம்.

இதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கை. சில வீடுகளில் இன்னும் பழைய பெட்டி டி.வி. ஓடுகிறது. அதில் ஆடியோ வாய் இல்லையென்றால், உள்ளே ஸ்பீக்கரிலிருந்து வயர் இழுத்து ஆம்ப்ளிபயரில் கொடுக்கச் சொல்வார்கள். அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய டி.வி.களில் பலவற்றில் உள்சட்டத்தில் நேரடியாக மெயின் மின்சாரம் இருக்கும். ஒரு வயரால் அதை வெளியே கொண்டுவந்தால், ஆம்ப்ளிபயரைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.

கன்வெர்ட்டரோடு வரும் அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்து ரூபாய் மிச்சம் பார்த்து மலிவு அடாப்டர் கொடுத்தால், பழுதாவது நம் பெயர்.

லாபக் கணக்கு

"சவுண்ட் பார் விற்றால் ஆயிரக்கணக்கில் மிஞ்சும். வயர் விற்றுக் கடை வாடகை கட்ட முடியுமா?" என்று உறுப்பினர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பழைய செட் இல்லாத வீட்டுக்கு சவுண்ட் பார்தான் சரியான பொருள். அதைத் தாராளமாக விற்கலாம். இருக்கிற வீட்டிலும் அதைத் திணிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

எல்லையோர வியாபாரிகளாகிய நம் நிலையை எண்ணிப் பாருங்கள். 2017 ஜூலை 1க்கு முன்பு இரு மாநிலத்துக்கும் தனித்தனி வரிச்சட்டம். இந்தப் பொருளுக்கு அங்கே என்ன வரி, இங்கே என்ன வரி என்பதே அன்றாடப் பேச்சு. இன்று ஜி.எஸ்.டி. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றே. 32 இன்ச் வரையிலான டி.வி.க்கு 2019 ஜனவரி 1 முதல் 18 சதவிகிதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. வரியில் வித்தியாசம் காட்ட வழியில்லை. விலையில் பெங்களூர் பெரிய கடையோடும் ஆன்லைனோடும் மோதவும் நமக்குக் கொள்முதல் பலம் இல்லை. அவர்களால் கொடுக்க முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குச் சானமாவு வீட்டுக்கு ஒரு பையனை அனுப்பி, பழைய செட்டின் பின்பக்கத்தைப் பார்த்து, எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று சொல்ல நம்மால் முடியும்.

அதை இலவசமாகச் செய்ய வேண்டியதில்லை. வயர், கன்வெர்ட்டர், இணைப்புக் கூலி என்று பில்லில் தனித்தனியாகப் போடுங்கள். பில் கொடுக்காமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்பதை நினைவில் வையுங்கள். கூலியை வெளிப்படையாகச் சொன்னால் வாடிக்கையாளர் கொடுக்கத் தயங்குவதில்லை. விலையில் ஒளித்து வைத்தால்தான் ஆன்லைன் விலையை போனில் எடுத்துக் காட்டுவார்.

சத்தம் வேறு, தெளிவு வேறு

நல்ல செட்டில் இணைத்துக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வால்யூமைக் கூட்ட அல்ல, குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. பேச்சு தெளிவாக இருந்தால் குறைந்த ஒலியே போதும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று அளவு இருக்கிறது. தனியார் இடத்தில் ஓடும் செட்டின் ஒலி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் நம் பகுதிக்குச் சட்டம் சொல்லும் இரவு மட்டும் இரவல்ல. நைட் ஷிப்ட் முடித்து வருகிற தொழிலாளிக்குக் காலை பத்து மணிதான் நடுநிசி. பொதுச் சுவர் வைத்த வரிசை வீடுகளில் ஒருவர் வீட்டு ஸ்பீக்கர் அடுத்தவர் தூக்கத்தில் இடிக்கிறது. ஸ்பீக்கரைப் பொதுச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், 'பாஸ்' திருகைக் குறைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது நம் பையனின் கடமை.

சானமாவுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டுக்கு வருவதும், வனத்துறையினர் சுற்றுப்புறக் கிராமங்களை எச்சரிப்பதும் நாம் அறிந்ததே. அந்த மாதங்களில் வெளியே யாராவது குரல் கொடுத்தால் வீட்டுக்குள் கேட்க வேண்டும். கதவைச் சாத்தி, ஸ்பீக்கர் அதிர உட்கார்ந்திருப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் எட்டாது. காட்டோரத்து வீட்டுக்கு ஒலி விற்கிற நாம் இதைச் சொல்லாமல் விடலாமா?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கடைப் பையன்களைக் கூட்டி, ஒரு பழைய ஆம்ப்ளிபயரையும் ஒரு புதிய டி.வி.யையும் மேஜையில் வைத்து, இணைக்கக் கற்றுக் கொடுப்போம். பெரிய செலவில்லை, அரை நாள் போதும். டி.வி. எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். அதன் பேச்சு வீட்டுப் பெரியவருக்குப் புரியும்படி செய்து கொடுத்த கடையை அந்த வீடு மறக்காது.