வேகமான கார்டு போட்டால் செல்போன் வேகமாகுமா?

கல்லணைக் கால்வாயின் தலைப்பில் தண்ணீர் நிறையத் திறந்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறோம். ஆனால் பேராவூரணிப் பக்கத்தில் கடைமடை வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்பதைத் தலைப்பு மதகு மட்டும் முடிவு செய்வதில்லை. நடுவே ஒரே ஒரு கிளை வாய்க்கால் தூர் வாராமல் கிடந்தால் போதும். அந்த வாய்க்கால் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் வயலுக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும், செல்போனுக்கு மெமரி கார்டு வாங்கக் கடைக்குப் போகும்போது இந்த அறிவை வயலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். "இது ஃபாஸ்ட் கார்டு, போன் பறக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் கூடுதல் பணம் கொடுத்து வாங்கி வருகிறோம். பெரும்பாலோருக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கார்டும் ஒரு தலைப்பு மதகைப் போன்றதுதான். அதில் உள்ள செய்தி, போனின் கார்டு துளையில் உள்ள மின் இணைப்புகள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வழிக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. எஸ்.டி. கார்டு 1999இல் அறிவிக்கப்பட்டது. அதன் தொடக்க கால வழியில் வினாடிக்கு 12.5 மெகாபைட் போகும். அடுத்து வந்ததில் 25. யூ.எச்.எஸ்.-1 என்னும் வழியில் 104. யூ.எச்.எஸ்.-2 கார்டில் 312 வரை போகும். அதற்காகக் கார்டின் பின்புறம் இரண்டாவது வரிசையாகச் சில உலோகப் பட்டைகள் இருக்கும். போனில் அந்த வரிசையைத் தொடும் இணைப்பு இல்லையென்றால் அந்தப் பட்டைகள் சும்மா கிடக்க வேண்டியதுதான். கார்டு கெட்டுப் போகாது, வேலையும் செய்யும். ஆனால் பழைய வேகத்தில்தான் செய்யும்.

யூ.எச்.எஸ்.-1 கார்டின் உறையிலேயே 170, 200 என்றெல்லாம் அச்சிட்டிருப்பதையும் பார்க்கலாம். உச்சமே 104 என்றால் இது எப்படி? அந்தக் கம்பெனி தனக்கென வைத்திருக்கும் தனி முறை அது. அதற்கேற்ற ரீடரில் செருகினால்தான் அந்த வேகம் கிடைக்கும். மேலும், பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கும். நீங்கள் தேட வேண்டியது சின்ன எழுத்தில் இருக்கிறது. ஆங்கில 'சி' எழுத்துக்குள் 10 என்றோ, 'யூ' எழுத்துக்குள் 1 என்றோ இருந்தால், தொடர்ந்து எழுதும்போது வினாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது என்று பொருள். 'யூ'வுக்குள் 3 இருந்தால் 30 மெகாபைட்.

இனி, நமக்கு எவ்வளவு வேகம் தேவை? சாதாரண செல்போனில் முழு எச்.டி. வீடியோ எடுத்தால் வினாடிக்கு இரண்டு, இரண்டரை மெகாபைட் சேரும். 4கே வீடியோ என்றால் ஏறத்தாழ 6. ஆக, 10 என்று போட்ட கார்டே இதற்குப் போதும்.

2024 நவம்பரில் வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் செல்போனுடன் வயலில் இறங்கி, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று டிஜிட்டல் பயிர் சர்வே செய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அத்தகைய வேலையில் ஒரு படம் 4 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். 10 மெகாபைட் கார்டில் அதை எழுத 0.4 வினாடி ஆகும். 100 மெகாபைட் கார்டில் 0.04 வினாடி. அதே படத்தை, சிக்னல் மந்தமான வயல்வெளியிலிருந்து வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப வேண்டுமானால்? 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். கணக்குப் போட்டால் 32 வினாடி வரும். அங்கே தூர் வார வேண்டிய வாய்க்கால் எது என்று நீங்களே சொல்லுங்கள்! போன் திணறுவதற்குக் காரணமும் பெரும்பாலும் கார்டாக இருப்பதில்லை. ராம் போதாமல் இருக்கும், பிராசஸர் பழையதாக இருக்கும், உள் சேமிப்பகம் நிரம்பி வழியும்.

அதற்காக வேகமான கார்டு யாருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பறவைகளைத் தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் கேமராக்காரருக்கு அது தேவை. 2025இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில், விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்ற அதிவேக கார்டுதான் வேண்டும். கருவியில் வழி அகலமாக இருப்பதால் அங்கே அந்தச் செலவு நியாயம். அதே கார்டைப் பழைய போனில் செருகினால் அது பழைய வேகத்துக்கு இறங்கிவிடும்.

கார்டிலிருந்தே செயலிகளை ஓட்டுகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் அடுக்கியிருக்கும் 200 நெல் மூட்டைகளை லாரியில் ஏற்றுவது ஒரு வேலை. 200 வீடுகளில் நின்று வீட்டுக்கு ஒரு மூட்டை ஏற்றுவது வேறு வேலை. வீடியோ முதல் வகை, செயலி இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகை வேலைக்கென்று உள்ள முத்திரைகள் 'ஏ1', 'ஏ2'. 'ஏ1' கார்டு, சிதறிக் கிடக்கும் துணுக்குகளை வினாடிக்கு 1500 முறையாவது படிக்க வேண்டும், 500 முறையாவது எழுத வேண்டும். 'ஏ2'வில் இது 4000, 2000. ஆனால் 'ஏ2'வின் முழுத் திறமை வெளிப்பட, கருவியும் அதற்கு ஒத்துழைக்கும்படி அமைந்திருக்க வேண்டும். பழைய மந்தமான கார்டை எடுத்துவிட்டு 'ஏ1' போட்டவருக்கு வித்தியாசம் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் கையில் உள்ள பணத்தை எதில் போடுவது? வேகத்தை விட்டு நம்பகத்தில் போடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, பல ஊர்களில் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் நாள்கணக்கில் முடங்கின. அப்படிப்பட்ட நாளில், விழுந்த தென்னையின் படமும் நனைந்த பத்திரத்தின் படமும் போனிலும் கார்டிலும் மட்டுமே இருக்கும். அந்தப் படம் 0.4 வினாடியில் பதிந்ததா, 0.04 வினாடியில் பதிந்ததா என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு மாதம் கழித்து அது திறக்கிறதா என்பதுதான் கேள்வி.

1980களில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகம்தான் இந்தக் கார்டுகளின் உள்ளே இருக்கிறது. மிக நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பது அதன் முறை. மின்சாரம் இல்லாமலே அவை வருடக்கணக்கில் தங்கும். ஆனால் நிரந்தரமாகத் தங்கா. அழித்து அழித்து எழுதும்போது அறைகளும் தேயும். ஓலைச்சுவடி செல்லரிக்கும் என்று தெரிந்துதான் நம் முன்னோர் அதைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். முக்கியமான படத்துக்கு வேறொரு கார்டிலோ கணிப்பொறியிலோ இரண்டாவது பிரதி வைப்பதும் அதே காரியம்தான்.

போலிக் கார்டுகள் வேறு உலவுகின்றன. 128 ஜிகாபைட் என்று போனிடம் பொய் சொல்லும். உள்ளே இருப்பது 8 ஆக இருக்கும். அது நிரம்பிய பிறகும் படங்களை வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் எதையும் வைத்திராது. புதுக் கார்டு வாங்கியதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பள்ளிக் கணிப்பொறியில் வீடியோக் கோப்புகளைப் போட்டு அதை முழுவதும் நிரப்புங்கள். பிறகு கார்டை எடுத்து மறுபடி செருகி, கடைசியாகப் போட்ட கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் பில்லோடு கடைக்குப் போங்கள். நிரப்பும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து, 1000 மெகாபைட் ஒரே கோப்புக்கு எத்தனை வினாடி, அதே அளவுள்ள ஆயிரம் சின்னப் படங்களுக்கு எத்தனை வினாடி என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கார்டைப் போனில் செருகி, அங்கும் இதைச் செய்து பார்த்து இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உறையில் அச்சிட்டிருந்த எண்ணையும் மேலே எழுதி வையுங்கள்.