கிடங்கு நாயும் கோடை விடுமுறையும்

பேரப்பிள்ளைகளோடு பரவை அதிசயம் போனால் மாலையில் திரும்பிவிடலாம். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் என்றால் இரண்டு நாள் கடையடைப்பு. சரக்குக்குப் பூட்டும் இன்சூரன்சும் உண்டு. அதைக் காக்கும் நாய்க்கு?

சில ஆண்டுகளுக்கு முன் கீழமாசி வீதிக் கிடங்கு நாய்க்குச் சோறு வைக்கும்படி சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரிடம் பணம் கொடுத்துவிட்டுப் போனோம். அவர் வீட்டில் திடீர்த் துக்கம், ஊருக்குப் போய்விட்டார். கத்திரி வெயிலில், தகரக் கூரையின் கீழ், சங்கிலியும் வெறுந்தட்டுமாகக் கிடந்தது நாய். பிழைத்ததே பெரிது. ஒரே ஆளை நம்பியது எங்கள் தவறு.

1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, வளர்ப்பவர் போதிய தீனி, தண்ணீர் தராவிட்டால் குற்றம். அளவுமீறிக் கட்டிவைப்பதும் குற்றமே.

வணிக நண்பர்களே, பக்கத்துக் கடைக்காரரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். சாவி, தீனி, வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டு, கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் எல்லாம் அவர் கையில் இருக்கட்டும். ஒரு வாரம் முன்பிருந்தே அவர் கையால் சோறு வைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் காவல் நாய் அவரையே கடித்துவைக்கும்.

நாங்களும் எதிர்க்கடைப் பருப்பு வியாபாரியும் இப்போது மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். அவர் நாய்க்குத் தயிர்சாதம் தவிர வேறெதுவும் இறங்குவதில்லை.