நம்மாளுக்கு வியாபாரம் வராதா?

தொழில்முனைவோர் கருத்தரங்கு என்றாலே ஒரு வசனம் தவறாமல் வரும். "சீனர்களைப் பாருங்க, எப்படி முன்னேறிட்டாங்க! நம்மாளுக்கு வியாபாரம் வராது. தோட்டத்துப் புத்தி இன்னும் போகல." கூட்டமும் கைதட்டும். மலாக்காவில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு நிறையவே மறதி வேண்டும்.

சுல்தான்கள் காலத்தில் இந்தத் துறைமுகத்தின் பெரும் வணிகர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர்களும் இருந்தார்கள். 1511இல் நகரைப் பிடித்த போர்த்துகீசியர், நினா சாத்து என்ற வணிகரைத்தான் பெண்டஹாரா ஆக்கினார்கள். 1514இல் பதவி பறிபோனபோது அவர் தீயில் இறங்கி உயிரை விட்டார். அந்த வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் டச்சுக்காரர் காலத்தில் வாணிபத்தை இழந்து விவசாயத்துக்கு ஒதுங்கினார்கள். புத்தி மழுங்கியதாலா? இல்லை. கடலைப் பிடித்தவன் வாணிபத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

தோட்டத்துத் தமிழர் இங்கு வந்து சேர்ந்த கதை வேறு. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது மலாக்காவில்தான். 1896, புக்கிட் லிந்தாங், டான் சாய் யான். அதன் பிறகு வளர்ந்த தோட்டங்களில் நிலம், மரம், லயத்து வீடு எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பத்திடம் பேங்கில் காட்ட ஒரு துண்டு நிலப்பட்டா கிடையாது.

1956இல் தொடங்கிய பெல்டா, குடியேறியவர்களுக்கு வீட்டோடு ஏறத்தாழ 10 ஏக்கர் கொடுத்தது. பெரும்பாலும் மலாய்க்காரர்கள். கொடுத்தது சரியான காரியம், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஏழையைச் சொத்துக்காரனாக்க அரசுக்கு வழி தெரியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்த வழி லயத்து வாசல்வரை ஏன் வரவில்லை என்பதே என் கேள்வி.

"குடியும் ஆடம்பரக் கல்யாணமும் காரணமில்லையா?" என்பீர்கள். காரணம்தான். ஆனால் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கி, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை மீட்கப் பணம் கொடுத்தவர்களும் இதே தோட்டக்காரர்கள்தான். அதற்குப் பெயர் முதலீடு இல்லையா? 1967இல் புக்கிட் அசாஹான் தொழிலாளர்கள் நியாயம் கேட்டு கோலாலம்பூர் நோக்கி நடந்தே கிளம்பினார்கள். இதுவா அடங்கிக் கிடக்கும் புத்தி?

எழுபதுகளில் பத்து பெரெண்டாமில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பெண்கள் ஃபேக்டரி பஸ் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். முதலாளி மாறினான், சம்பளக்காரன் சம்பளக்காரனாகவே இருந்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இருந்த இடங்களில் தாமான்கள் எழுந்தன. நிலத்தை விற்ற லாபம் கம்பெனிக்கு, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் தொழிலாளிக்கு.

பெரிய முதலாளிகளின் கணக்கையும் பார்ப்போம். 2014இல் ஆரவாரமாகத் தொடங்கிய மலாக்கா கேட்வே திட்டத்தின் மதிப்பு 43 பில்லியன் ரிங்கிட் என்றார்கள். 2020 நவம்பரில் மாநில அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அப்போது யாராவது "இவங்களுக்கு வியாபாரம் வராது" என்றார்களா? பில்லியனில் சறுக்கினால் அது சந்தை நிலவரம். நாசி லெமாக் கடை போட்டு நஷ்டப்பட்டால் மட்டும் இனத்தின் குணமா?

இதில் எழுத்தாளர்களுக்கும் பங்குண்டு. தோட்டத்தைக் கள்ளும் கண்ணீருமாக எழுதித் தள்ளினோம். அந்த நிலம் யார் பெயரில் இருந்தது, எவ்வளவுக்கு விலை போனது, வெளியேறியவர் கையில் எத்தனை வெள்ளி கொடுத்தார்கள் என்று எத்தனை கதைகளில் இருக்கிறது? அழுகை எழுதத் தெரிந்த நமக்குக் கணக்கு எழுதத் தெரியவில்லை. கணக்கு இல்லாத இடத்தில்தான் 'தோட்டத்துப் புத்தி' போன்ற பொய்கள் குடியேறுகின்றன.

தோட்டத்தில் பிறந்த தாத்தா பாட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள், எழுதுங்கள். அடுத்த கருத்தரங்கில் அந்த வசனம் வந்தால் கைதட்டாதீர்கள். எழுந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, நிலம் யார் பேர்ல இருந்துச்சு?"