அண்டாவுக்கு மேலே நாலு பேர்

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த சமையல் கான்ட்ராக்டர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, தன் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் கீழே வைத்தார். அவர் தொழில் அப்படி.

"சார், டீசல்ல ஒரு டபுள் கேபின் பிக்கப் வாங்கலாம்னு இருக்கேன். ரிப்பேர் வைக்காத வண்டியா ஒண்ணு சொல்லுங்கோ."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற மூடநம்பிக்கையைப் பெரியார்கூட ஒழிக்கவில்லை. எனக்கு வண்டிகள் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதைவிட, இவர் ஏன் டபுள் கேபின் கேட்கிறார் என்பது நன்றாகத் தெரியும்.

அதுவரை அவருக்குச் சொந்த வண்டி கிடையாது. முகூர்த்த நாளில் வாடகைக்கு ஒரு குட்டியானை பேசுவார். 2005ல் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாட்டுக்காரன் ஒரே பார்வையில் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தான். முன்னால் டிரைவர், பக்கத்தில் கான்ட்ராக்டர். பின்னால் அண்டாக்கள், கேஸ் அடுப்பு, காய்கறி மூட்டை, எண்ணெய் டின். அதற்கு மேலே நாலு பையன்கள். விடிகாலை மூணு மணிக்கு அம்மா மண்டபம் ரோட்டில் கிளம்பி, காவிரிப் பாலம் ஏறி, வயலூர் ரோடு கல்யாண மண்டபத்துக்குப் போவார்கள். முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு வரை இன்னொரு மண்டபத்தில் பாத்திரம் தேய்த்தவர்கள். அண்டா மேல் சாய்ந்தால் தூங்காமல் என்ன செய்வார்கள்?

2021ல் ஒரு பையன் தூக்கத்தில் பாலத்தின் மேல் கீழே விழுந்தான். இடுப்பு எலும்பு. உயிர் இருக்கிறது, நிற்கிறான், அண்டா தூக்க முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரித்தது. கான்ட்ராக்டர் நல்லவர், கையிலிருந்து செலவு பண்ணினார். 1976ல் திறந்த அந்தப் பாலத்தை 2022 நவம்பரில் மூடி, மாதக்கணக்கில் மராமத்து செய்து திறந்தார்கள். பையன் இப்போது வெற்றிலை நறுக்கிப் பந்தியில் வைக்கிற வேலை பார்க்கிறான்.

கம்பெனி கை விரித்தது சட்டப்படி சரிதான் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். சரக்கு வண்டியில் ஓசியில் ஏறிப் போகிறவருக்கு இன்ஷூரன்ஸ் பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2002 கடைசியில் சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரர் கூடவே போனால் அவருக்கு உண்டு. ஆனால் அவரும் கேபினுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், சரக்கின் மேல் அல்ல என்று 2007ல் இன்னொரு தீர்ப்பு. வண்டி ஓனரின் சொந்த வேலையாள் என்றால், வேலையாள் இழப்பீட்டின் அளவுக்குக் காப்பு உண்டு. சரி, நம் பையன்கள்? அவர்கள் வண்டிக்காரரின் ஆட்கள் இல்லையே, கான்ட்ராக்டரின் ஆட்கள். வாடகைக்கு வண்டி பிடித்தவரின் வேலையாட்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள் என்று 2012ல் சஞ்சீவ் குமார் சாம்ராட் வழக்கில் தீர்ந்துவிட்டது. சில வழக்குகளில், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று கோர்ட் கருணை காட்டியிருக்கிறது. கருணைக்குக் காத்திருக்கும்போது ஆஸ்பத்திரி பில் காத்திருக்காது.

ஆக, ஊரில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம், சென்ட்ரிங் வேலைக்கு, பந்தல் போட, வாழைத்தார் வெட்ட என்று ஆயிரம் பேர் இப்படி மூட்டைக்கு மேலே உட்கார்ந்து போகிறார்கள். அவர்கள் யாருமே காகிதத்தில் அந்த வண்டியில் இல்லை. விபத்து நடந்த வாரம் போலீஸ் மறித்து கேஸ் போடும். அடுத்த வாரம் வழக்கம்போல்.

இப்போது நீங்கள் தில்லைநகர் பக்கம் போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு கிராஸில் பளபளவென்று ஒரு டபுள் கேபின் பிக்கப் நிற்கும். ஆள் உயர முகப்பு, தடித்த டயர், கூரையில் வரிசையாக விளக்கு. பின்தொட்டியில் என்ன இருக்கும் என்று எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை தண்ணீர் கேன். ஒரு தடவை ஷட்டில்காக் டப்பா. பின்சீட்டில் ஒருவரும் உட்கார்ந்த சுவடு இல்லை. அவர் காசு, அவர் வண்டி. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஆள் வைத்துப் பிழைக்கிறவன் டபுள் கேபின் வாங்குவதில்லை. டபுள் கேபின் வாங்குகிறவனிடம் ஏற்றிப் போக ஆள் இல்லை.

ஆஸ்திரேலியாவில் தச்சரும் பிளம்பரும் இந்த மாதிரி வண்டியில்தான் வேலைக்குப் போகிறார்கள். தாய்லாந்தில் இது குடும்ப வண்டி. வளைகுடாவில் ஒவ்வொரு கட்டட வேலைக் கம்பெனியிலும் வரிசையாக நிற்கும். அங்கே பத்து வருஷம் ஓட்டிவிட்டுத் திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிற நம் ஆட்கள் "வண்டின்னா ஹைலக்ஸ்தான்" என்று சத்தியம் செய்வார்கள். பொய்யில்லை. 2003ல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியில் ஒரு பழைய ஹைலக்ஸைக் கடலில் மூழ்கடித்தார்கள், தீ வைத்தார்கள், இடிக்கப்போகிற ஓர் அடுக்குமாடியின் உச்சியில் வைத்துக் கட்டடத்தோடு தகர்த்தார்கள். அதன் பிறகும் ஸ்டார்ட் ஆனது. இந்தியாவுக்கு ஹைலக்ஸ் 2022ல்தான் வந்தது. வந்தபோதே விலை 34 லட்சத்தை ஒட்டி. 2.8 லிட்டர் இன்ஜின், 204 குதிரை. தொட்டியில் ஏற்றக்கூடிய சரக்கு அரை டன்னுக்கும் குறைவு. நீளம் ஐந்தே கால் மீட்டருக்கு மேல். உத்திர வீதியில் ஒரு மாட்டு வண்டியும் மாமியின் ஸ்கூட்டியும் குறுக்கே நிற்கும்போது அதைத் திருப்புவதற்கு ரங்கநாதர்தான் எழுந்து வர வேண்டும். எழுந்திருக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அடுத்தது இசுஸு வி-கிராஸ். 2016ல் வந்தது. ஆந்திரா ஸ்ரீசிட்டியில் செய்கிறார்கள். உழைக்கிற இன்ஜின், சந்தேகமில்லை. ஆனால் அது வெள்ளை போர்டு வண்டி, சொந்த உபயோகத்துக்கு. தொழிலுக்கு என்றால் அதே கம்பெனியின் எஸ்-கேப், மஞ்சள் போர்டு. வெள்ளை போர்டு கௌரவம் என்று நினைத்து வாங்கி, முகூர்த்தத்துக்கு அண்டா ஏற்றி, நாளைக்கு ஏதாவது ஆனால் கம்பெனிக்காரன் முதலில் கேட்கிற கேள்வியே 'எதற்காக ஓட்டினீர்கள்' என்பதுதான். ஸீனான், கெட்அவே என்று சிலர் இன்னும் பெயர் சொல்வார்கள். இரண்டும் புதிதாகக் கிடைப்பதில்லை, செகண்ட் ஹேண்டில்தான்.

அப்புறம் இருக்கிறது பொலேரோ கேம்பர். அழகு கிடையாது. உட்கார்ந்தால் சொகுசும் கிடையாது. சுமார் பத்து லட்சம் ரூபாய்க்கு ஐந்து பேருக்கு சீட், பின்னால் ஒரு டன். இரண்டரை லிட்டர் பழைய டீசல் இன்ஜின், 75 குதிரைதான். இதைத் திறந்து பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருந்தால் அவர் மெக்கானிக் இல்லை. துவரங்குறிச்சியில் நின்றாலும், தொட்டியத்தில் நின்றாலும் ஆள் கிடைப்பார், சாமான் கிடைக்கும். என்னைக் கேட்டால் 'ரிப்பேர் வைக்காத வண்டி' என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ரிப்பேர் ஆன அன்றைக்கே ஓடுகிற வண்டிதான் உண்டு. மறுநாள் முகூர்த்தம் இருக்கிறவனுக்கு அதுதான் நம்பகம்.

கான்ட்ராக்டருக்கு இதைத்தான் சொன்னேன். அவர் உடனே கால்குலேட்டர் ஆனார்.

"அதே கம்பெனி சிங்கிள் கேபின் பிக்கப் ஒண்ணேமுக்கால் டன் தாங்கறதே சார். விலையும் பெரிசா வித்தியாசம் இல்ல. ஒரே டிரிப்ல முடிச்சுடலாமே."

"ஒண்ணேமுக்கால் டன்னோட நாலு பையன்களும் உண்டா?"

பதில் சொல்லவில்லை. காப்பியின் மிச்சத்தைக் குடித்தார். எவ்வளவு சங்கடம் பாருங்கள்.

இந்தக் கணக்கைத்தான் நான் திட்டுகிறேன். 'ஒரே டிரிப்' என்ற இரண்டு வார்த்தையில் மிச்சமாவது பாலத்தைத் தாண்டிப் போய் வர ஆகும் டீசல், சில நூறு ரூபாய். பத்தாயிரம் இலை போடுகிற கல்யாணத்தில் மிஞ்சி வீணாகிற ஜாங்கிரியின் விலைகூட இல்லை. கல்யாண வீட்டுக்காரரும் யோக்கியரில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு ஜோடனை கார், ஜானவாசத்துக்குச் செண்டை மேளம், சமையல்காரர் ரேட்டில் மட்டும் பேரம். அந்தப் பேரத்தில் குறைந்த ஆயிரம் ரூபாய்தான் மூணு மணிக்கு அண்டா மேல் உட்கார்ந்து வருகிறது.

டீசலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விற்கிறார்கள். 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6. புகையில் இருக்கும் கரியைப் பிடிக்க சைலன்சர் வழியில் ஒரு வடிகட்டி வைத்த வண்டிகள் வருகின்றன. புகை நன்றாகச் சூடானால் சேர்ந்த கரி தானே எரிந்துவிடும். ஸ்ரீரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீரங்கம் என்று இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டினால் சூடாகாது. அடைத்துக்கொள்ளும், டாஷ்போர்டில் விளக்கு எரியும். அப்போது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதைவிட மதுரை ரோட்டில் விராலிமலை வரை சீரான வேகத்தில் ஒரு முறை ஓட்டிவிட்டு வரலாம். மயில் பார்த்த மாதிரியும் ஆச்சு. ஊருக்குள்ளேயே தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு டீசலே தேவையா என்பது தனிக் கேள்வி. இவருக்குத் தேவை. தஞ்சாவூர், கும்பகோணம், புதுக்கோட்டை என்று போகிறவர்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போனார். கூட என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பால்பண்ணை பக்கம் ஒரு இடத்தில் மூன்று கேம்பர். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னோம். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தோம், குபுகுபுவென்று புகை வந்தால் வேண்டாம். தொட்டிக்கு அடியில் குனிந்து சேஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தடவினோம். பின் ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை சொருகியிருந்தால் அந்த வண்டி வாழ்நாள் முழுக்க ஓவர்லோடு அடித்தது என்று அர்த்தம். ஒரு வண்டியில் சொருகியிருந்தது.

மூன்றில் இரண்டு வண்டியில் பின்சீட்டே இல்லை. கழற்றி எறிந்துவிட்டு அங்கேயும் சரக்கு ஏற்றியிருக்கிறார்கள். போல்ட் இருந்த ஓட்டை மட்டும் இருக்கிறது. "சீட்டு எங்கேப்பா?" என்று கேட்டதற்குப் புரோக்கர் சிரித்தார். "அது எதுக்கு சார் வேஸ்ட்டா?"

மூன்றாவதைப் பார்த்துவிட்டுக் கான்ட்ராக்டர் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் புதுசே எடுத்துவிடலாம் என்று லோன் போட்டார். மஞ்சள் போர்டு. கார் ஓட்டுகிற லைசென்ஸே போதும், 7,500 கிலோ வரை தனி பேட்ஜ் வேண்டாம் என்பதை சுப்ரீம் கோர்ட் 2024ல் மறுபடி உறுதி செய்திருக்கிறது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி. இன்ஷூரன்ஸ் போடும்போது உதவியாட்கள் நாலு பேருக்கும் சேர்த்து பிரீமியம் கட்டுங்கள், ரசீதில் எண்ணிக்கை வருகிறதா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்றார்.

போன வாரம் போன் பண்ணினார். பெரிய அண்டா தொட்டிக்குள் உட்காருமா என்று டேப் வைத்து அளந்தாராம், உட்காருகிறதாம். சின்ன அண்டாக்களுக்கு இரண்டாவது டிரிப். "பையன்கள் என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"என்னத்த சொல்றது? ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்திண்டு தூங்கறானுங்க சார். மண்டபம் வந்தப்புறம் எழுப்ப வேண்டியிருக்கு."