செப்டம்பர் 30-க்குப் பிறகு முறை வருகிறவர்கள்

18 வயது நிரம்பிய அனைவருக்கும் அரசு மையங்களில் பூஸ்டர் தடுப்பூசி இலவசம் என்று 2022 ஜூலை 15-ஆம் தேதி ஒன்றிய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 75 நாள் மட்டும். செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டாம் தவணை போட்டு 26 வாரம் முடிந்தவருக்குத்தான் பூஸ்டர் என்பது அப்போதைய விதி. வீட்டுக் காலண்டரை எடுத்து இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு இரண்டாம் தவணை போட்ட, 60 வயதுக்கு உட்பட்ட ஒரு கூலித் தொழிலாளிக்கு இந்தத் திட்டத்தில் இடம் இல்லாமல் போனது. அவர் முறை வந்தபோது திட்டம் முடிந்துவிட்டது.

அவ்வளவு தாமதமாக இரண்டாம் தவணை போட்டவர்கள் யார்? ‘விழிப்புணர்வு இல்லாத ஜனங்கள்’ என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எங்கள் காலனியில் இருக்கும் ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். விழிப்புணர்வு யாருக்கு இல்லை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவருக்கு 46 வயது. ஆண்டுதோறும் பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிய கணக்கில் கணவரோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவார். ஆனி பிறக்கும்போதுதான் ஊர் திரும்புவார். 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சூளைக்கே வந்து முதல் தவணை போட்டார்கள். கோவின் பதிவுக்கு செல்போன் எண் வேண்டியிருந்தது. அக்காவிடம் போன் இல்லை. ‘என் நம்பரைப் போட்டுக்கோங்க’ என்றார் மேஸ்திரி. கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு அப்போது 12 முதல் 16 வாரம் இடைவெளி. ஆகஸ்டில் நினைவூட்டும் குறுஞ்செய்தி வந்திருந்தால் அது மேஸ்திரியின் போனுக்குத்தான் போயிருக்கும். அக்கா அப்போது எங்கள் ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் ஊருக்கு மெகா முகாம் வந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அக்கா போய் வரிசையில் நின்றார். ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்தவர், ‘உங்களுக்கு ரெண்டாவது ஊசியும் போட்டாச்சும்மா’ என்றார். போடாத ஊசி எப்படிப் பதிவில் ஏறியது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இலக்கை எட்ட வேண்டிய அவசரத்தில் எங்கோ யாரோ ஏற்றிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அன்றோடு இரண்டாம் தவணை பாக்கி உள்ளவர்கள் பட்டியலில் அக்கா பெயர் இல்லை. வீடு தேடி ஊசி போட வந்தவர்களும் அவர் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் கையில் இருந்த பட்டியல் அப்படி.

இந்தப் பிழையைத் திருத்த 2022 ஜனவரியில் கோவின் தளத்தில் வழி வைத்தார்கள். குறை தெரிவிக்கும் பகுதிக்குள் போய், ‘எனக்கு ஒரு தவணைதான் போடப்பட்டது’ என்று பதிவு செய்ய முடிந்தது. சில நாளில் திருத்தினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே நுழைய ஓ.டி.பி. வேண்டியிருந்தது. அது பதிவு செய்த எண்ணுக்குத்தான் வந்தது. அக்காவோ அந்த ஜனவரியில் மறுபடி சூளைக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு மே கடைசியில் திரும்பியபிறகு, எங்கள் தெருவில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர்தான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். ஆறு இலக்க எண்ணுக்காக மூன்று நாள் மேஸ்திரியைத் துரத்தியிருக்கிறார்கள். ‘அடுத்த சீசனுக்கு வருவியா, முதல்ல அதச் சொல்லு’ என்று பேரம் வேறு. ஜூன் 12 முகாமில் அக்காவுக்கு இரண்டாம் தவணை விழுந்தது. 13 மாதம்!

அந்தக் கணக்கில் அவருடைய பூஸ்டர் தேதி டிசம்பர் 11. அதற்குள் இலவசத் திட்டம் முடிந்துவிட்டது. 2022-இல் தனியார் மருத்துவமனையில் ஊசியின் விலை 225 ரூபாய், போடும் கட்டணம் 150 ரூபாய் வரை, அதற்கு மேல் வரி என்று இருந்தது. நூறு நாள் வேலைக்கு அந்த ஆண்டு அறிவித்த ஒரு நாள் கூலியே 281 ரூபாய்தான். அதையும் முழுதாக வாங்கியவர் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ‘ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சல்ல கெடக்கணும் தம்பி. அந்த ரெண்டு நாள் கூலிய எவன் தருவான்?’ என்று அக்கா கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது விடுப்பு, அக்காவுக்கு அடுப்பு.

முகாம் எங்கே நடக்கிறது என்பதையும் பேசத்தான் வேண்டும். பக்கத்து ஊராட்சி ஒன்றில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் முகாம் வைத்தார்கள். காலனி ஆட்கள் படியேறத் தயங்கும் மண்டபம் அது. யாரும் தடுக்கவில்லை என்கிறார்கள். தடுக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி தலைமுறை தலைமுறையாக ஏற்பாடு இருக்கிறதே! வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர் சொல்லி, அங்கே நுழைவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. தயங்கித் திரும்பி வந்தவருக்காக எந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுப்பது? முகாமைக் காலனி அங்கன்வாடியில், வேலை முடிந்து திரும்பும் மாலையில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஊர்த்தெருக்காரர்கள் அங்கே வந்து போட்டுக்கொள்ளட்டுமே.

கிராம சுகாதார செவிலியரைக் குறை சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. தாய் சேய் நலம், முகாம், கணக்கு என்று பல ஊர்களை ஒரே ஆள் பார்க்கிறார். குறை திட்டம் போட்ட இடத்தில். பல தவணை மருந்தை ஏழைகளிடம் கொண்டுசேர்ப்பது நமக்குப் புதிதல்ல. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் போலியோ பணியாளர்கள், விடுபட்ட வீட்டுக் கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். செங்கல் சூளைகளுக்கும் கட்டுமான இடங்களுக்கும் தனித் திட்டம் வகுத்தார்கள். குழந்தை எந்த ஊர், யார் போனில் பதிவு என்று கேட்கவில்லை. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் அப்படித்தான் வந்தது. சூளைக்கு முதல் தவணையைக் கொண்டுபோகத் தெரிந்த அரசுக்கு, அடுத்த தவணைக்கு அதே ஆள் எங்கே இருப்பார் என்று யோசிக்கத் தெரியவில்லை.

ஆகவே செப்டம்பர் 30 என்ற தேதியை ஒன்றிய அரசு எடுத்துவிட்டிருக்க வேண்டும். அவரவர் முறை வரும் நாளில் அவரவருக்கு இலவசம் என்று இருந்திருக்க வேண்டும். ஒன்றிய அரசு மறுத்திருந்தால், சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பங்களுக்காவது மாநில அரசு செலவை ஏற்றிருக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஞாயிறு உங்கள் தெருவில் பத்து வீட்டுப் பதிவுகளைப் பாருங்கள். வெவ்வேறு எண்ணில் பதிந்ததால் சிலருக்கு முதல் தவணையே இரண்டு முறை ஏறியிருக்கும். அதை இணைக்கவும் கோவினில் வழி இருந்தது. இரண்டாம் தவணை தள்ளிப்போனவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம் என்று சொல்லுங்கள். கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. கோவிஷீல்டு, கோவாக்சின் எது போட்டிருந்தாலும் பூஸ்டராக கோர்பிவேக்ஸ் போடலாம் என்று 2022 ஆகஸ்டில் அனுமதித்தார்கள். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு இரண்டாம் தவணை போட்டவர்களின் பெயர், தேதி, அவர்கள் வேலைக்குக் கிளம்பும் மாதம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்க எங்கள் தெருவின் தாள் தயாராக இருக்கிறது. அதில் 31 பெயர்கள். அக்காவின் பெயருக்கு எதிரே டிசம்பர் 11 என்று எழுதியிருக்கிறோம்.